பெல்ட் அறுந்தால்?

தேர்த் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரிந்திருக்கும். தேரை இழுப்பதற்கு ஊரே திரண்டு வரும். வடத்தைத் தொட்டாலே புண்ணியம் என்று தள்ளாத கிழவர்கள் கூட முண்டியடித்துக்கொண்டு வருவார்கள். ஆனால் தேரை நிறுத்துவதற்கு யார் வருகிறார்கள்? சக்கரத்தின் ஓரமாக, முட்டுக்கட்டையைக் கையில் ஏந்தி, குனிந்த தலை நிமிராமல் நடந்து வரும் நாலைந்து பேரை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தேர் அசைந்து வரும் அழகைப் பற்றி ஊரெல்லாம் பேசும். வீதி மூலையில் அது வீட்டுத் திண்ணையை இடித்துவிடாமல் நின்றதே, அதற்குக் காரணமான மரத்துண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மோட்டார் வண்டியின் விஷயமும் இப்படித்தான். பழைய காலத்து மோட்டார்களைப் போற்றிப் பாதுகாக்கும் அன்பர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் சென்று, "இந்த வண்டி எவ்வளவு வேகம் போகும்?" என்று கேட்டால் முகம் மலரும். "எத்தனை குதிரை சக்தி?" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வார்கள். "இது எப்படி நிற்கும்?" என்று கேட்பவர் மட்டும் அபூர்வம்.

அப்படிப்பட்ட அபூர்வப் பிறவி ஒருவர் நம் வீட்டிலேயே இருக்கிறார் என்பது சமீபத்தில்தான் நமக்குத் தெரியவந்தது. பழைய மோட்டார்களின் படங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை ஒரு நாள் மாலை புரட்டிக்கொண்டிருந்தோம். 1975-ம் வருஷத்து அமெரிக்க லிங்கன் காண்டினெண்டல் வண்டியின் படம் வந்தது. சிறு கப்பலைப் போல் நீண்டு கிடந்த அந்த வண்டியைப் பாட்டியிடம் காட்டி, "பாட்டி! இதன் எடை 2,300 கிலோவுக்கும் மேலே. ஆனால் விரல் நுனியால் திருப்பலாம். கால் கட்டைவிரலால் நிறுத்தலாம்!" என்று பெருமையடித்துக்கொண்டோம்.

"அதெப்படியடா அப்பா?" என்றாள் பாட்டி.

"எஞ்ஜினிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட் ஓடுகிறது. அந்த பெல்ட் ஒரு எண்ணெய்ப் பம்பைச் சுற்றுகிறது. அந்த எண்ணெயின் அமுக்கந்தான் ஸ்டீயரிங்குக்கும் துணை செய்கிறது. பிரேக்குக்கும் துணை செய்கிறது."

பாட்டி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்த்தாள். "அந்த பெல்ட் அறுந்தால்?" என்றாள்.

கேள்வி இரண்டு மூன்று வார்த்தைதான். ஆனால் உலகத்தின் தலைசிறந்த யந்திர நிபுணர்கள் பலர், ஐம்பது அறுபது வருஷ காலம், இந்தக் கேள்விக்குத்தான் பதில் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னார்கள். அந்தப் பதில்களைத்தான் நேயர்களுக்கு இங்கே கூற விரும்புகிறோம்.

காலுக்கு ஒரு துணை

முதலில், பிரேக்குக்குத் துணை எதற்கு?

ஆதி காலத்து மோட்டார்களில் பிரேக் மிதியிலிருந்து சக்கரம் வரையில் கம்பிகளும் கோல்களுமே சென்றன. 1921-ல் அமெரிக்காவின் டியூஸன்பர்க் வண்டியில், நான்கு சக்கரங்களுக்கும் குழாய்களில் அடைத்த திரவத்தின் மூலமாக பிரேக் போடும் முறை வந்தது. மால்கம் லாக்ஹீட் என்பவருடைய யுக்தி அது. ஓரிடத்தில் திரவத்தை அமுக்கினால், அந்த அமுக்கம் குறையாமல் எல்லாத் திசையிலும் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டிலேயே பாஸ்கல் என்ற பிரெஞ்சு மேதை கண்டு சொன்ன உண்மை. சின்ன பிஸ்டனைக் காலால் அமுக்கினால் சக்கரத்தருகில் உள்ள பெரிய பிஸ்டன் பன்மடங்கு பலத்துடன் தள்ளும்.

ஆனால் இயற்கை யாருக்கும் எதையும் இனாமாகக் கொடுப்பதில்லை. பலம் பத்து மடங்கு வேண்டுமானால், கால் பத்து மடங்கு தூரம் நகர வேண்டும். மனிதனுடைய முழங்காலோ ஓர் அளவுக்கு மேல் நீளாது. மோட்டாரின் எடையும் வேகமும் வருஷந்தோறும் வளர்ந்துகொண்டே வந்தன. மனிதனுடைய கால் மட்டும் வளரவில்லை. எனவே, காலின் கட்டளையை ஏற்று, தன் பலத்தைக் கொடுத்து உதவும் ஒரு பணியாள் தேவைப்பட்டான்.

பணியாளுக்குக் கூலி யார் கொடுப்பது? அதாவது, அவனுடைய பலம் எங்கிருந்து வருவது? இங்கேதான் பாட்டியின் கேள்வி முளைக்கிறது. கூலி நின்றுபோனால் பணியாள் வேலையை நிறுத்திவிடுவான் அல்லவா?

மிகவும் புத்திசாலித்தனமான முதல் பதிலைச் சொன்னவர் மார்க் பிர்கிட் என்னும் ஸ்விஸ் நாட்டு நிபுணர். அவர் சமைத்த ஹிஸ்பானோ-ஸூய்ஸா எச்-6 என்ற வண்டி 1919-ல் பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டது. அதில் பிரேக்குக்குத் துணையாக இருந்த யந்திரத்தைச் சுழற்றியது கியர் பெட்டியிலிருந்து வந்த ஓர் அச்சு. வண்டி ஓடுகிறவரையில் சக்கரம் சுழலும். சக்கரம் சுழல்கிறவரையில் அந்தத் துணையும் இருக்கும். எஞ்ஜின் நின்றுபோனாலும் கவலையில்லை. வண்டியின் வேகமே வண்டியை நிறுத்துவதற்குக் கூலி கொடுத்தது! ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் இதற்கு உரிமை பெற்று, 1924 முதல் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தங்கள் வண்டிகளில் வைத்திருந்தார்கள். மிக மெதுவாகச் செல்லும்போது இந்தத் துணை சற்றே சோம்பல்படும் என்பது ஒன்றே குறை.

இரண்டாவது பதில் காற்று. எஞ்ஜின் மூச்சு இழுக்கும்போது அதன் உட்குழாயில் வெற்றிடம் போன்ற ஒரு நிலை உண்டாகிறது. பெரிய தகர டப்பா ஒன்றின் நடுவே ரப்பர்த் திரையைக் கட்டி, ஒரு பக்கத்துக் காற்றை எஞ்ஜின் உறிஞ்சிக்கொள்ளும்படி விட்டால், மறு பக்கத்திலிருந்து ஆகாயமே திரையைத் தள்ளும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் தெவாந்தர் 1920-களில் இந்த வழியைக் காட்டினார். பிற்காலத்து வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே துணையாயிற்று. இதில் பெல்ட்டுக்கு வேலையே இல்லை. எஞ்ஜின் நின்றுவிட்டாலும், டப்பாவுக்குள் மிஞ்சியிருக்கும் வெற்றிடம் இரண்டொரு தடவை பிரேக் போட உதவும்.

ஆனால் காற்றின் பலத்துக்கு எல்லை உண்டு. ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ, அவ்வளவுதான். அதற்கு மேல் ஆகாயத்தால் தள்ள முடியாது. அதிக பலம் வேண்டுமானால் டப்பாவைப் பெரிதாக்க வேண்டும். எஞ்ஜின் மூடிக்குள்ளோ இடம் ஏது? டீசல் எஞ்ஜினில் இன்னொரு சங்கடம். பெட்ரோல் எஞ்ஜினைப் போல் அதன் மூச்சுக் குழாயை அடைத்துத் திறக்கும் கதவு இல்லாததால், அதில் வெற்றிடமே உண்டாவதில்லை. பந்தயத்துக்காகச் சீர்திருத்தப்பட்ட பெட்ரோல் எஞ்ஜின்கள் சிலவற்றிலும் வெற்றிடம் போதுவதில்லை.

ஆகவேதான் மூன்றாவது பதிலுக்கு, அதாவது எண்ணெய்க்கு, அவசியம் ஏற்பட்டது. எண்ணெயுடன் கூடவே பெல்ட்டும் வந்து சேர்ந்தது.

பாரிஸில் ஓர் அதிசயம்

1955-ம் வருஷம் அக்டோபர் மாதம் 6-ந் தேதி பாரிஸ் நகரத்து மோட்டார் கண்காட்சியில் ஸிட்ரோயன் கம்பெனியார் டி.எஸ். என்ற வண்டியைத் திரை நீக்கிக் காட்டினார்கள். ஆகாயத்திலிருந்து இறங்கி வந்தது போன்ற அதன் உருவத்தைப் பார்த்து ஜனங்கள் பிரமித்தார்கள். முதல் நாளே ஆயிரக்கணக்கானவர்கள் பணம் கட்டினார்கள். 1975 வரையில் சுமார் பதினாலரை லட்சம் வண்டிகள் தயாராயின.

அந்த வண்டியின் உடம்பெங்கும் நாடி நரம்பு போல் எண்ணெய்க் குழாய்கள் ஓடின. வண்டியைத் தாங்கியது எண்ணெய்; திருப்பியது எண்ணெய்; கியர் மாற்றியது எண்ணெய்; நிறுத்தியதும் எண்ணெய். இந்த ஏற்பாட்டின் சூத்திரதாரி பால் மாஷேஸ் என்பவர். இளம் பிராயத்திலேயே, 1925-ல், அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பெரிய பட்டம் எதுவுமில்லாமல் அநுபவத்தாலேயே நிபுணரானவர்.

டி.எஸ். வண்டியில் பிரேக் மிதிக்குப் பதிலாகத் தரையில் காளான் போன்ற ஒரு ரப்பர்க் குமிழ் இருந்தது. அதன்மேல் பாதத்தை வைத்துச் சற்றே அமுக்கினால் போதும். குமிழ் ஏறக்குறைய நகர்வதேயில்லை. அமுக்கத்தின் அளவுக்குத் தக்கபடி வண்டி நிற்கும். ஏனெனில் பிரேக்கைப் போடுவது கால் அல்ல. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 150 கிலோ அமுக்கத்தில் காத்திருக்கும் எண்ணெய். காற்றின் ஒரு கிலோ எங்கே, இந்த 150 கிலோ எங்கே! கால் செய்வதெல்லாம் கதவைத் திறந்துவிடும் வேலைதான்.

இவ்வளவு பலத்தையும் உற்பத்தி செய்தது ஏழு சிறு பிஸ்டன்கள் கொண்ட ஒரு பம்பு. அந்தப் பம்பைச் சுற்றியது ரப்பர் பெல்ட்.

"அது அறுந்தால்?" என்று பாட்டி இங்கேயும் கேட்பாள். டி.எஸ். வண்டியில் இந்தக் கேள்வி மற்ற வண்டிகளைவிடப் பயங்கரமானது. ஏனென்றால், மற்ற வண்டிகளில் துணை போய்விட்டாலும் காலின் பலமாவது மிஞ்சும். இதில் எண்ணெயின் அமுக்கம் முழுவதும் தீர்ந்துபோனால், குமிழை எவ்வளவு மிதித்தாலும் பயனில்லை.

மாஷேஸும் அவர் தோழர்களும் இதை மறந்துவிடவில்லை. பம்பு கொடுக்கும் எண்ணெயை உருண்டையான எஃகுக் கலங்களில் சேமித்துவைத்தார்கள். ஒவ்வொரு கலத்தின் நடுவிலும் ஒரு ரப்பர்த் திரை. அதற்கு ஒரு புறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய். எண்ணெய் உள்ளே போகப் போக வாயு சுருங்கிக்கொண்டு சமயம் பார்த்துக் காத்திருக்கும். பம்பு நின்றுபோனால் வாயு விரிந்து எண்ணெயைத் தள்ளும். குடும்பத் தலைவருக்குச் சம்பளம் வராத மாதத்தில் கிருகலக்ஷ்மியின் அஞ்சறைப் பெட்டியிலிருந்து பணம் வெளிவருவது போலத்தான். அமுக்கம் குறையத் தொடங்கியதும் ஒரு சிவப்பு விளக்கு எரிந்து எச்சரிக்கை செய்யும். மிச்சமிருக்கும் எண்ணெயைக் கொண்டு உடனே வண்டியை ஓரமாக நிறுத்திவிட வேண்டும். எல்லாம் கைவிட்டால், எண்ணெயின் உதவியே வேண்டாத தனி பிரேக் ஒன்றும் இருந்தது.

இவ்வளவு ஏற்பாடும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தால் டிரைவர் அதை மதிக்க வேண்டும். "வீடு இன்னும் இரண்டு மைல்தானே, போய்ச் சேர்ந்துவிடலாம்" என்று நினைத்தால் நிபுணர்கள் செய்த அவ்வளவு யோசனையும் வியர்த்தமாகிவிடும்.

ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியார் 1965-ல் வெளியிட்ட ஸில்வர் ஷாடோ வண்டிக்கு ஸிட்ரோயனிடமிருந்து இந்த எண்ணெய் முறைக்கு உரிமை பெற்றார்கள். ஆனால் பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை. எஞ்ஜினுக்குள்ளேயே சுழலும் காம் அச்சைக் கொண்டு பம்பை ஓட்டினார்கள். அதுவும் ஒரு பம்பு அல்ல, இரண்டு. பாட்டியின் கேள்விக்கு, "அறுவதற்கே ஒன்றுமில்லாமல் செய்துவிட்டோம்" என்பது அவர்கள் சொன்ன பதில்.

அமெரிக்கப் பதில்

இப்போது நம் லிங்கன் வண்டிக்கு வருவோம். 1970-களில் அமெரிக்க மோட்டார்கள் கனத்துக்கொண்டே போயின. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்களால் எஞ்ஜினில் கிடைத்த வெற்றிடமோ குறைந்துகொண்டு வந்தது. பெண்டிக்ஸ் கம்பெனியார் யோசித்தார்கள். பெரிய வண்டிகளில் ஸ்டீயரிங்குக்காக ஓர் எண்ணெய்ப் பம்பு ஏற்கனவே ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அதே எண்ணெயை, ஸ்டீயரிங்குக்குப் போகும் வழியில், பிரேக்கையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னால் என்ன? இப்படிப் பிறந்ததுதான் ஹைட்ரோ-பூஸ்ட் என்ற சாதனம். நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக் வைத்த லிங்கன் வண்டிகளிலும், பிற்பாடு டீசல் வண்டிகள் பலவற்றிலும் இது இடம் பெற்றது.

இதன் வேலை மிகவும் எளியது. எண்ணெய் இதன் வழியாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். டிரைவர் மிதியை அமுக்கியதும் ஒரு சிறு வால்வு நகர்ந்து எண்ணெயின் வழியை நெருக்கும். வழி நெருங்கியதும் அமுக்கம் ஏறும். அந்த அமுக்கம் ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ள, வண்டி நிற்கும். காற்று டப்பாவின் பருமனில் ஒரு சிறு பங்கே உள்ள இந்தச் சாதனம், அதைவிட அதிக பலம் கொடுத்தது.

பெல்ட் அறுந்தால்? அதே கணத்தில் பம்பு நிற்கும். ஸ்டீயரிங் கனத்துப்போகும். பிரேக்கின் துணையும் போகும். சில எஞ்ஜின்களில் தண்ணீர்ப் பம்பும், மின்சாரம் உண்டாக்கும் யந்திரமும் அதே பெல்ட்டை நம்பியிருந்தால் அவையும் நிற்கும். ஒரே வடத்தில் எல்லாக் குடங்களையும் கட்டித் தொங்கவிட்ட கதைதான். ஆனால் பெண்டிக்ஸ் கம்பெனியார் இங்கேயும் ஒரு சேமிப்புக் கலத்தை வைத்திருந்தார்கள். ஆரம்பத்தில் அதனுள் இருந்தது வில்கம்பி, பிறகு வாயு. இரண்டு மூன்று தடவை பிரேக் போடுவதற்கு அதில் பலம் இருக்கும். அதுவும் தீர்ந்தால், டி.எஸ். வண்டியைப் போல் இது அடியோடு கைவிட்டுவிடாது. மிதிக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் இடையே நேரடியான தொடர்பு இருக்கிறது. டிரைவரின் காலே அவருக்குத் துணை.

அந்தக் கால் எவ்வளவு பலமாக மிதிக்க வேண்டும்? 1976-ல் அமலுக்கு வந்த அமெரிக்க சர்க்கார் விதி ஒன்றிலிருந்து அதை ஊகிக்கலாம். பிரேக்கின் துணை முழுவதும் இழந்துவிட்ட நிலையிலும், மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்லும் மோட்டார் 456 அடிக்குள் நின்றுவிட வேண்டும் என்றது அந்த விதி. அதற்காக டிரைவர் 150 பவுண்டு வரையில் மிதிக்கலாம் என்று அநுமதித்தது.

இந்த இரண்டு எண்களையும் சற்று யோசித்துப் பாருங்கள். 150 பவுண்டு என்றால் ஏறக்குறைய 68 கிலோ. திடகாத்திரமான ஓர் ஆண் பிள்ளை ஒற்றைக் காலால் மிதியின்மேல் ஏறி நிற்பதற்குச் சமானம். 456 அடி என்றால், தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைப் படுக்க வைத்து, அதன் தலைமாட்டில் இன்னொரு விமானத்தையும் படுக்க வைத்தால் உண்டாகும் நீளத்தைவிடச் சற்று அதிகம். எல்லாம் சரியாக இருக்கும் வண்டி எவ்வளவு தூரத்துக்குள் நிற்க வேண்டும் என்று அதே விதி சொல்லியதோ, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். கட்டைவிரலால் நிறுத்தலாம் என்று நாம் பெருமையடித்துக்கொண்ட வண்டி, மூன்று முழ ரப்பர் அறுந்த மாத்திரத்தில், இந்த நிலைக்கு வந்துவிடுகிறது.

உண்மையான அபாயம் எது?

இப்படி ஒரு வண்டி மலைப் பாதையில் இறங்கி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னால் ஒரு வளைவு. "டப்" என்று ஒரு சப்தம். திருப்புச் சக்கரம் திடீரென்று கல்லாய்க் கனக்கிறது. டிரைவர் பயந்து பிரேக்கை மிதிக்கிறார். சேமிப்புக் கலம் உதவுகிறது. வண்டியின் வேகம் குறைகிறது. அந்த ஒரே மிதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி நின்றே போயிருக்கும்.

ஆனால் மனித சுபாவம் அப்படி விடுவதில்லை. ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்ற பதற்றத்தில் டிரைவர் காலை எடுத்து மறுபடி மிதிக்கிறார். மறுபடியும் எடுத்து மறுபடியும் மிதிக்கிறார். பழைய காலத்து பிரேக்குகளில் பல தடவை மிதித்தால் பலன் கிடைக்கும் என்று யாரோ சொன்னது அவர் ஞாபகத்துக்கு வந்திருக்கலாம். இங்கே ஒவ்வொரு மிதியும் சேமிப்பிலிருந்து ஒரு பங்கைச் செலவழிக்கிறது. நாலாவது மிதியில் மிதி பாறையாகிவிடுகிறது. "பிரேக் போய்விட்டது!" என்று அவர் தீர்மானித்துவிடுகிறார். உண்மையில் பிரேக் போகவில்லை. பிரேக்கின் துணைதான் போயிருக்கிறது. முழுப் பலத்துடன் அழுத்தினால் வண்டி நின்றே தீரும். ஆனால் இதை அறியாதவர் அவ்வளவு பலமாக மிதிக்கவே மாட்டார்.

ஆகவே, பாட்டியின் கேள்விக்குச் சரியான பதிலில் பாதி வண்டியில் இருக்கிறது. மற்றப் பாதி வண்டி ஓட்டுபவரின் அறிவில் இருக்கிறது. நிபுணர்கள் வைத்துப் போன சேமிப்பு அவருக்குத் தெரியாவிட்டால், அது புதைத்து வைத்து மறந்துபோன புதையலுக்குச் சமானம்.

மூன்று முழ ரப்பரின் சரித்திரம்

இவ்வளவு பொறுப்பைத் தாங்கும் அந்த பெல்ட் எப்படிப்பட்டது?

நெல் அரவை மில்லுக்குப் போனவர்கள் அங்கே பட்டையான நீண்ட வார் படபடவென்று அடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பார்கள். ஆதி மோட்டார்களிலும் விசிறியைச் சுற்றியது அத்தகைய பட்டை வார்தான். அது அடிக்கடி வழுக்கும், நழுவும். 1917-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரினாலும் நூலினாலும் ஆப்பு வடிவமான பெல்ட்டைச் செய்தார். இது கப்பியின் பள்ளத்துக்குள் ஆப்பு இறங்குவது போல் இறங்கி, இரு பக்கங்களாலும் கவ்விக்கொள்ளும். இழுக்க இழுக்கப் பிடி இறுகும். பெல்ட்டின் அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொடவே கூடாது. தொட்டால் பிடி போய்விட்டது என்று அர்த்தம்.

பெல்ட்டுக்கு விரோதிகள் நால்வர்: உஷ்ணம், எண்ணெய், தளர்ச்சி, முதுமை. உஷ்ணத்தினால் ரப்பர் இறுகி வெடிக்கும். எண்ணெய் பட்டால் ஊறி மெத்தென்றாகிவிடும். தளர்ந்தால் வழுக்கும், வழுக்கினால் சூடேறும், சூடேறினால் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளக்கும், அதனால் இன்னும் வழுக்கும். முதுமை எல்லாவற்றையும்விடக் கபடமானது. பழைய மோட்டார்களின் சொந்தக்காரர்கள், "பெல்ட் போட்டு ஆயிரம் மைல் கூட ஓடவில்லையே!" என்பார்கள். மைல் ஓடவில்லை, வருஷம் ஓடியிருக்கிறதே! கொட்டகையில் சும்மா நிற்கும்போதும் ரப்பருக்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது. கப்பியைச் சுற்றி வளைந்த நிலையிலேயே மாதக்கணக்காக நின்று, அந்த வளைவே அதற்கு நிரந்தரமாகிவிடுகிறது.

1979-ல் போர்டு கம்பெனியின் மஸ்டாங் வண்டியில், பல சிறு பெல்ட்களுக்குப் பதிலாக, எல்லாக் கப்பிகளையும் பாம்பு போல் சுற்றிவரும் ஒரே அகன்ற பெல்ட் வந்தது. அதன் ஆயுள் அதிகம். ஆனால் அறுந்தால் எல்லாம் ஒருங்கே போகும். இக்காலத்துப் புது ரப்பரில் செய்த பெல்ட்கள் முதுமையிலும் எளிதில் வெடிப்பதில்லை. கோடுகள் தேய்வதே முக்கிய அடையாளம். வெடிப்பு இல்லை என்று பார்த்து ஏமாறக் கூடாது.

வழியில் பெல்ட் அறுந்தால் மேல்நாட்டு மாதர்கள் அணியும் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டி ஓட்டலாம் என்று ஒரு கதை மோட்டார் உலகத்தில் வெகு காலமாக உலவி வருகிறது. விசிறியையும் தண்ணீர்ப் பம்பையும் சிறிது தூரம் சுற்றுவதற்கு அது உதவக்கூடும். பிரேக்குக்கு அமுக்கம் கொடுக்கும் எண்ணெய்ப் பம்பை அதை நம்பி ஓட்டுவது, தேர் வடத்துக்குப் பதிலாகப் பூச்சரத்தைக் கட்டுவது போலாகும்.

செய்ய வேண்டியவை

அத்தகைய வண்டி வைத்திருப்பவர்கள், அல்லது அதில் பிரயாணம் செய்பவர்கள், தெரிந்துகொள்ள வேண்டியதைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

எஞ்ஜினை நிறுத்தி, அது ஆறிய பிறகு, பெல்ட்டைத் திருகி அதன் அடிப்பக்கத்தையும் ஓரங்களையும் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்பு, பளபளப்பு, நூல் பிரிதல், எண்ணெய்க் கறை ஆகிய எது இருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆப்பு வடிவ பெல்ட்டானால், இரண்டு கப்பிகளுக்கு இடையே நடுவில் கட்டைவிரலால் அமுக்கினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்க வேண்டும். அதிகம் இறங்கினால் தளர்ச்சி. இறங்கவே மறுத்தால் பம்பின் பேரிங் கெட்டுப்போகும். புது பெல்ட் சிறிது ஓடியதும் தளரும். மறுபடி இறுக்க வேண்டும். ஜோடியாக ஓடும் பெல்ட்களில் ஒன்று போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். திருப்புச் சக்கரத்தைக் கடைசி வரையில் திருப்பும்போது "கீச்" என்று கேட்டால், பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். அந்தக் கூக்குரலை அடக்குவதற்காக எதையாவது பூசுவது, அழுகிற குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

ஹைட்ரோ-பூஸ்ட் உள்ள வண்டியில், எஞ்ஜினை நிறுத்திவிட்டு, மிதி கல்லாகும் வரையில் பல தடவை மிதியுங்கள். பிறகு மிதியை அமுக்கியபடியே எஞ்ஜினைக் கிளப்புங்கள். மிதி சற்றே தணிந்து, உடனே காலை மெதுவாக எதிர்த்துத் தள்ளினால், துணை உயிரோடு இருக்கிறது. இன்னொரு சோதனை: வண்டியை ஓட்டி வந்து எஞ்ஜினை நிறுத்தி, ஒரு மணி நேரம் கழித்து மிதித்துப் பாருங்கள். முதல் மிதியாவது லேசாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சேமிப்புக் கலம் காலி. அந்தக் கலத்தை வீட்டுத் திருப்புளியைக் கொண்டு திறக்க முயலாதீர்கள். உள்ளே அடைபட்டிருக்கும் வில்கம்பியும் வாயுவும் பொல்லாதவை.

எண்ணெய்களைக் கலப்பதும் ஆகாது. ஸ்டீயரிங்கின் எண்ணெய் வேறு. பிரேக்கின் திரவம் வேறு. ஸிட்ரோயன் வண்டிகளிலும் ஆதியில் ஊற்றிய சிவப்புத் திரவம் வேறு. 1960-களின் பிற்பகுதியில் வந்த பச்சை எண்ணெய் வேறு. ஒன்றுக்கென்று செய்த ரப்பர் வளையங்களை மற்றொன்று அழித்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்து வந்த கணத்தில் செய்ய வேண்டியது இது: காலை எடுக்காதீர்கள். ஒரே மிதியாக, பலமாக, அவசியமானால் இரண்டு கால்களாலும், வண்டி நிற்கிறவரையில் மிதியுங்கள். திருப்புச் சக்கரத்தை இரு கைகளாலும் பற்றிக்கொள்ளுங்கள். அது கனக்கும், ஆனால் திரும்பும். முடிந்தால் கீழ் கியருக்கு மாற்றுங்கள். பயத்தில் சாவியைத் திருப்பி எடுத்துவிட வேண்டாம். சில வண்டிகளில் திருப்புச் சக்கரமே பூட்டிக்கொண்டுவிடும்.

வெறிச்சோடிய ஒரு மைதானத்தில், மெதுவான வேகத்தில், எஞ்ஜினை நிறுத்திச் சேமிப்பைத் தீர்த்துவிட்டு, துணையில்லாத மிதி எப்படி இருக்கும் என்று ஒரு தடவை மிதித்துப் பார்ப்பது நல்லது. சாவியை மட்டும் வெளியே எடுக்கக் கூடாது. அந்தக் கனத்தைக் கால் ஒரு தடவை அறிந்துகொண்டால், பிற்பாடு அது பயப்படாது.

இவ்வளவையும் பாட்டிக்கு விளக்கிச் சொல்லி முடித்தோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஸில்வர் ஷாடோவின் இரண்டு பம்புகளைப் பற்றியோ, பாரிஸ் அதிசயத்தைப் பற்றியோ அவள் வியப்புக் காட்டவில்லை.

"அந்தக் காலத்தில் எங்கள் ஊரில், கமலையில் மாடு பூட்டுவதற்கு முன்னால் உங்கள் தாத்தா தினமும் வடத்தைக் கையால் தடவிப் பார்ப்பார். பார்த்த பிறகுதான் மாட்டைத் தொடுவார்" என்றாள்.

புத்தகத்தை மூடி வைத்தோம். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். ஓடாமல் நின்றுவிடும் தேரினால் யாருக்கும் தீங்கில்லை. ஓடுகிற தேர் நிற்காமல் போனால்தான் தீங்கு. அதனால்தான், மோட்டாரின் மூடியைத் திறந்ததும் மினுமினுக்கும் எஞ்ஜினைப் பார்ப்பதற்கு முன்னால், அழுக்கேறிய அந்த மூன்று முழ ரப்பரைத் தடவிப் பார்க்க வேண்டும் என்கிறோம்.